எதிர்ப்பாரம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை
பழைய லெவல் கருவியின் கண்ணாடிக்குள்
இந்த நாட்டைத் தலைகீழாகவே பார்த்து வந்திருக்கிறேன்.
மைலுக்கு ஓரடி சரிவு.
கடைமடைப் பக்கம் அதுவும் கிடையாது.
பதினோரு வருஷ உத்தியோகத்தில்
நான் ஏறிய ஆக உயரமான இடம்
ஒரு மதகின் தலை.

அதனால்தான் உப்பளத்தில் சகுபர் அலி
"மலை ரயில்ல போறீங்களா மேடம்" என்றபோது
சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

உப்பு அம்பாரம், இருபத்திரண்டு அடி.
பாதிக்குக் கீற்று வேய்ந்திருந்தது.
பனஞ்சட்டத்தின் மேல் இரண்டு ஜோடித் தண்டவாளம்,
இரண்டு தகரத் தொட்டி, ஒரே கம்பிவடம்.
உச்சியில் ஒரு கப்பி.
டீசல் எஞ்சின் நாலு நாளாக ரிப்பேர்.
"பரவாயில்ல. ஒண்ணு எறங்கினா ஒண்ணு ஏறும்.
உங்க எடை என்ன?"

அலுவலகத்தில் யாரும் கேட்காத கேள்வி.
ஐம்பத்தெட்டு என்றேன்.
அவர் மேலே பார்த்துக் கத்தினார்:
"நீலாவதி, நீ ஒக்காரு. கூட அரை மூட்டை வச்சுக்க!"

கட்டையைத் தளர்த்தினார்.
முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு கம்பி ஒரு தரம் முனகியது,
என் முழங்கால்கள் தாமாகவே மடங்கின,
பாத்திகள் ஒவ்வொன்றாக என் காலுக்குக் கீழே போயின,
வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு,
இன்னும் உப்பாகாத வெறும் வானம்.

பாதி வழியில் அவள் எதிரே வந்தாள்.
முழங்கை வரை பழைய சட்டை,
கையிடுக்கில் அரை மூட்டை, குழந்தை மாதிரி.
கைநீட்டினால் தொடலாம்.
"மேல என்னங்க இருக்கு?" என்று கேட்டாள்
அங்கிருந்தே வருகிறவள்.
பதில் சொல்வதற்குள் அவள் கீழே.

மேலே காற்று இருந்தது.
தெற்கே கோடியக்கரை விளக்கு, நட்டு வைத்த ஊசி.
சேற்றில் கொஞ்சம் பூநாரைகள்,
யாரோ கழற்றிப் போட்ட துணி போல.
அப்புறம் கடல்.
கீழே கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.
பாத்திகளுக்கு மேலே நிமிர்ந்து நின்றது அது,
இப்போதுதான் யாரோ போட்டு முடித்த கரை மாதிரி.
என் எல்லாக் கணக்குக்கும் அதுதான் பூஜ்யம்.
பூஜ்யத்தை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலாவதி ஏன் பார்த்ததில்லை என்பது
திரும்பி நின்றபோது தெரிந்தது.
தொட்டியைக் கவிழ்க்கிற இடத்தில்
கடல் முதுகுப் பக்கம்.

"இறக்குங்க" என்றேன்.
"சாப்பாட்டு நேரம் மேடம்.
வெறுந்தொட்டிய நம்பி விட்டா பறந்துருவீங்க.
பிரேக்குக் கட்டை தேஞ்சுபோச்சு."
என்னை இறக்க
யாராவது ஏற வேண்டும்.
எல்லோரும் தூக்குவாளியைத் திறந்துவிட்டார்கள்.
ஒரு மணி நேரம் உப்பின் மேல் நின்றேன்.
உதடு கரித்தது. செருப்பு வெளுத்தது.
வேதாரண்யத்துக் கோபுரத்தை இரண்டு தரம் எண்ணி முடித்தேன்,
இரண்டு தரமும் வேறு வேறு நிலை.

கடைசியில் நீலாவதிதான் எழுந்தாள்,
வாயைக் கொப்பளித்துக்கொண்டே.
கொள்ளிடத்துக் குழாய்த் தண்ணீர்,
வேலையாட்களுக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள்.
மூன்றைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள்.
நான்காவதைத் தொட்டபோது சகுபர் தடுத்தார்:
"அதையும் வச்சா அவங்க அங்கயேதான்."

இறங்கினேன்.
நடுவில் குடங்கள் என்னைக் கடந்தன,
மூடியில்லாமல், தளும்பிக்கொண்டு.
எந்த மலையிலிருந்தோ புறப்பட்டு
அணை, வாய்க்கால், கண்மாய், பம்பு என்று
எத்தனையோ கை மாறி
அடி அடியாகத் தாழ்ந்தே வந்த தண்ணீர்
இங்கே, கடலுக்கு எட்டிய தூரத்தில்,
இருபத்திரண்டு அடி ஏறியது.
கொஞ்சம் சிந்தி உப்பில் குழி விழுந்தது.

கீழே நீலாவதி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.
"சொல்லவே இல்லையே, மேல என்ன இருக்குன்னு?"

என் இடத்தைக் காட்டினேன்.
"உட்காருங்க. இந்தத் தடவை திரும்பி உட்காருங்க."
சகுபர் மேலே இருந்த குடங்களைப் பார்த்தார்,
அவளைப் பார்த்தார்,
"மூணு குடம் உன்னைத் தூக்காதே" என்று
கணக்குப் போடத் தொடங்கினார்.